சாவிலும் தனிமையா?

கொரோனாக் காலம் கழிந்துவிட்டது, கழிந்துபோன துன்பத்தை இன்னும் ஏன் கிளறிக் கொண்டிருக்கிறீர் என்று அண்மையில் வைத்திய நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நண்பர் நல்லவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே பணிபுரிபவர். தனியார் வைத்தியசாலைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மிகச் சிலருள் ஒருவர். அவர் வாதத்தின் சாரம் இதுதான்: நோயாளரைப் பார்க்க வருவோரைத் தடுப்பதைத் தவிர அன்று வேறு வழி இருக்கவில்லை. அது நோய் இட்ட கட்டளை. அதற்குள் அரசியலைப் புகுத்துவது விஞ்ஞானத்துக்குச் செய்யும் துரோகம்.

இப்படிச் சொல்பவர் தீயவராயின் ஒதுக்கிவிட்டுப் போகலாம். நல்லவர்களும் இதனை நம்புகிறார்கள் என்பதனாலேயே மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 2020 மார்ச்சில் இந்நாட்டவருள் முதல் நோயாளிகள் இனங்காணப்பட்டு, அம்மாத இறுதியில் முதல் மரணம் நிகழ்ந்தபோது, இந்நோய் எவ்வாறு பரவும், எத்தனை பேரை விழுங்கும் என்பதை எவரும் திட்டமாக அறிந்திருக்கவில்லை. முகக்கவசம் தாதிமாருக்கே போதாதிருந்தது. அந்தச் சில வாரங்களில் ஆஸ்பத்திரிக் கதவுகளை இழுத்து மூடியதற்காக எவரையும் நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. ஆனால் அச்சத்தில் மூடிய கதவு, அச்சம் தெளிந்த பின்னரும், அறிவு வளர்ந்த பின்னரும், தடுப்பூசி வந்த பின்னரும் மூடியே கிடந்ததே, அதற்கு நோயா பொறுப்பு? கிருமிக்கு வர்த்தமானி எழுதத் தெரியாது. எழுதியவர்கள் மனிதர்கள். அவர்களுள் எவரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் அல்லர்.

நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 'பார்க்க வருபவர்' என்பவர் யார்? பணக்கார நாடுகளின் நூல்களைப் படித்துவிட்டுப் பேசுவோர், பூச்செண்டும் திராட்சைக்குலையும் ஏந்தி வந்து பத்து நிமிடம் கதைத்துவிட்டுப் போகும் விருந்தினரை மனத்திற்கொண்டு பேசுகிறார்கள். நம் நாட்டிலே நிலைமை வேறு. நண்பகலிலும் மாலையிலும் வாசற் கதவு திறக்கப்படும் நேரத்தில் எந்த ஆஸ்பத்திரி முன்னாலும் நின்று பாருங்கள். ஒரு கையில் சோற்றுப் பாத்திரம், மறு கையில் சுடுதண்ணீர்ப் போத்தல், கக்கத்தில் துவைத்து மடித்த சாரம் அல்லது சேலை. இப்படியாகத்தான் அந்தக் கூட்டம் உள்ளே பாய்கிறது. அவர்கள் உபசாரத்துக்கு வருபவர்கள் அல்லர், வேலைக்கு வருபவர்கள். நோயாளியைக் கழுவித் துடைப்பது, கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கொண்டு செல்வது, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவது, சேலைன் போத்தல் முடிந்துவிட்டது என்று ஓடிப்போய்ச் சொல்வது, வெளியே மருந்துக்கடையில் வாங்கிவரச் சொன்ன மாத்திரைக்கு அலைவது - இவை யாவும் அவர்கள் தலையிலேயே விழுகின்றன. கட்டில் கிடைக்காது நிலத்திற் பாய் விரித்துக் கிடப்பவனுக்குத் தலையணையும் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒரு தாதி எத்தனை கட்டில்களுக்கிடையே ஓடுகிறாள் என்பதைக் கண்டவர்கள் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். இலவச வைத்தியம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் இந்த அமைப்பு, ஏழைக் குடும்பங்களின், சிறப்பாகப் பெண்களின், கூலியில்லா உழைப்பை ஒரு தூணாக ஊன்றி நிற்கிறது. அந்தத் தூணை ஒரே நாளில் உருவியெடுத்தார்கள். அதற்குப் பதிலாக அங்கே எதனை நட்டார்கள்? எத்தனை புதிய தாதியர், எத்தனை புதிய சிற்றூழியர் அந்த இடத்துக்கு வந்தனர்? உறவினரை விலக்கியதால் உண்டான வெற்றிடத்தை நோயாளி தன் உடலால் நிரப்பினான். தாகமாகக் கிடந்து நிரப்பினான். நனைந்த துணியிற் கிடந்து நிரப்பினான்.

இதனோடு மொழிப் பிரச்சினையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நோயாளரை ஓரிடத்திற் குவித்துச் சிகிச்சையளிப்பது எனத் தொடக்கத்தில் முடிவு செய்தபோது, அங்கொடை, வெலிக்கந்தை, இரணவில என்று எங்கெங்கோ அவர்கள் அனுப்பப்பட்டனர். வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் சென்றவர்களுட் பலருக்கு அங்கே பேசப்பட்ட மொழி தெரியாது. சட்டப் புத்தகத்தில் தமிழும் அரசகரும மொழிதான். ஆனால் பிராணவாயுக் குழாய் மூக்கிற் செருகப்பட்டு, மூச்சுக்கும் பேச்சுக்கும் போராடும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அரசியலமைப்பை மேற்கோள் காட்டத் தெரியுமா? சாதாரண காலத்தில் அவனுக்கு மொழிபெயர்ப்பாளன் யார்? கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகன். சிங்களப் பாடசாலையிற் படித்த மருமகள். அவர்கள் வாசலில் நிறுத்தப்பட்டபோது, அவன் உள்ளே ஊமையாக்கப்பட்டான்.

சொந்தக் கதையை இத்தகைய கட்டுரையிற் சேர்ப்பது எனக்கு உவப்பானதன்று. எனினும், கண்டதைச் சொல்லாமல் கருத்தை மட்டும் சொல்வது நேர்மையாகாது. 2021 ஆகஸ்டில், டெல்டாத் தொற்று நாட்டை உலுக்கிக் கொண்டிருந்த நாட்களில், வெள்ளவத்தையில் மகளோடு வாழ்ந்திருந்த என் சின்னம்மா ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்டார். வடமராட்சியில் பிறந்து, எழுபது வயதின் பின்னர் மகளுக்காகத் தலைநகரம் வந்தவர். சிங்களம் அறியார். மகள், என் தங்கை முறையானவள், ஒரு பையிற் சுடுதண்ணீர்ப் போத்தலும் மாற்றுச் சேலையும் திருநீற்றுப் பொட்டலமும் வைத்து, அவற்றோடு ஒரு தாளும் வைத்தாள். அத்தாளில் பெரிய எழுத்தில், தமிழில், சில சிங்களச் சொற்கள்: 'வத்துர' என்றால் தண்ணீர், 'ரிதெனவா' என்றால் நோகிறது. வாசற் காவலாளி பையை வாங்கிக்கொண்டார். ஒன்பது நாட்கள் அவளும் நானும் மாறி மாறி அந்த வாசலில் நின்றோம். இருவரும் இரண்டு ஊசிகளும் ஏற்றியிருந்தோம். வேண்டிய எந்த அங்கியையும் அணியத் தயாராக இருந்தோம்; பின்னர் பதினான்கு நாட்கள் அறையிற் பூட்டப்படவும் தயாராக இருந்தோம். கேட்பதற்கு ஆள் இருக்கவில்லை. பத்தாம் நாள் தொலைபேசி வந்தது. பிரேதப் பெட்டியை முத்திரையிட்டுத் தந்தார்கள். பை திரும்பி வந்தது. போத்தலின் மூடி திறக்கப்படவில்லை. தாள் மடித்தபடியே இருந்தது.

அந்த விடுதித் தாதிமேல் எனக்குக் கோபமில்லை. அவளும் தன் குழந்தையை வாரக்கணக்கிற் காணாதிருந்திருப்பாள். எத்தனையோ விடுதிகளில் தாதிமார் தம் சொந்தக் கைத்தொலைபேசியை நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்து, வீட்டாரின் குரலைக் கடைசி முறையாகக் கேட்கச் செய்தார்கள். எந்தச் சுற்றுநிருபமும் அவர்களை அவ்வாறு செய்யச் சொல்லவில்லை. மனிதம் இருந்தது; அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கவில்லை.

சட்டம் என்றேன். எந்தச் சட்டம்? தனிமைப்படுத்தலும் நோய்த் தடுப்பும் பற்றிய கட்டளைச் சட்டம். அதன் ஆண்டு 1897. பம்பாயில் கொள்ளைநோய் பரவி, ஆங்கிலேய ஏகாதிபத்தியம் தன் துறைமுகங்களையும் வர்த்தகத்தையும் பற்றிக் கலங்கிய காலம். இந்தியாவிலும் அதே ஆண்டில் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. அச்சட்டங்களின் கண்ணில் நோயாளி என்பவன் உரிமையுள்ள மனிதன் அல்லன். கப்பலில் வந்திறங்கிய சந்தேகத்துக்குரிய சரக்கு. சரக்கைத் தடுத்து வைக்கலாம், புகையூட்டலாம், எரிக்கலாம். சரக்கின் கையைப் பிடித்துக்கொண்டிருக்க எவரும் தேவையில்லை. சுதந்திரம் பெற்று எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும், வெள்ளைக்கார அதிகாரியின் பேனையால் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் கீழேயே நமது மக்கள் பிரிக்கப்பட்டனர், எரிக்கப்பட்டனர். தேசியம் பேசித் தொண்டை வறண்டவர்கள் எவரும் இதனைப் பற்றி வாய் திறக்கவில்லை.

விஞ்ஞானத்தின் கட்டளை என்ற வாதத்துக்கு வருவோம். விஞ்ஞானத்தை மதித்தவர்கள் செய்த காரியங்களைச் சற்று நினைவு கூருங்கள். 2020 நவம்பரில், அன்றைய சுகாதார அமைச்சர் கொள்ளைநோய் ஒழிய வேண்டி மந்திரித்த நீர்க்குடத்தைக் களுகங்கையிற் போட்டார். அடுத்த மாதம் கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். அமைச்சரும் அதனைக் குடித்துக் காட்டினார். ஜனவரியில் அவருக்கே நோய் தொற்றியது. நோயுற்றவரைப் பார்த்து நகைப்பது நம் பண்பன்று. ஆயினும், பாணிக்கு வளைந்து கொடுத்த விஞ்ஞானம், சாகக் கிடக்கும் தாயின் அருகே மகள் நிற்கலாமா என்று கேட்டபோது மட்டும் இரும்பாய் இறுகியது ஏன்?

2020 மே இறுதியில் மலையகத் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் மறைந்தபோது, அவரது உடலுக்கு அஞ்சலி செலுத்தப் பெருந்திரள் கூடியது. அவர் இறந்தது இந்நோயால் அன்று. மக்கள் கூடியதை நான் குற்றமாகக் கூறவில்லை. தம்மவரை வழியனுப்ப வேண்டும் என்பது மனிதரின் ஆழமான தேவை என்பதையே அக்கூட்டம் காட்டிற்று. அத்தேவை தலைவருக்கு முன்னால் ஒப்புக்கொள்ளப்பட்டது. லயன் காம்பராவிலிருந்து சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட தொழிலாளியின் மனைவிக்கும் அதே தேவை இருந்தது.

யாவற்றுக்கும் மேலாக ஒன்று. 2020 டிசம்பர் இறுதியில், நாட்டின் விமான நிலையங்கள் உல்லாசப் பயணிகளுக்கு மூடப்பட்டிருந்த வேளையில், உக்ரேனிலிருந்து பயணிகள் விமானம் விமானமாக மத்தளையில் இறக்கப்பட்டனர். அவர்களுக்கென ஒரு 'பாதுகாப்புக் குமிழி' அமைக்கப்பட்டதாம். பரிசோதனை செய்து, தனி வாகனத்தில் ஏற்றி, தனி ஹோட்டலில் வைத்து, யாலக் காட்டிற் சிறுத்தை பார்க்க அழைத்துச் சென்றார்கள். வருமானமின்றித் தவித்த ஹோட்டல் தொழிலாளரின் பசியும் எனக்குத் தெரியும். அதனைக் காட்டி என் வாயை அடைக்க வேண்டாம். நான் கேட்பது வேறு. ஒரு விமானம் நிறைந்த அந்நியரைச் சுற்றிக் குமிழி அமைக்க அறிந்த அரசாங்கத்துக்கு, ஒரு கட்டிலையும் ஒரு நாற்காலியையும் சுற்றிக் குமிழி அமைக்கத் தெரியாமற் போயிற்றா? பரிசோதனை இருந்தது. அங்கி இருந்தது. அறிவு இருந்தது. டொலரைக் கொண்டுவருபவனுக்கு அவை கிடைத்தன. சுடுதண்ணீரைக் கொண்டுவந்தவளுக்குக் கிடைக்கவில்லை. இதனை வர்க்க நீதி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

பணக்கார நாடுகள் இதில் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. இலண்டனில் 2020 மார்ச் இறுதியில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் பெற்றவள் அருகிலின்றி ஆஸ்பத்திரியில் இறந்தான். வீட்டிலும் நோய் தொற்றியிருந்ததால் அவனது அடக்கத்துக்கும் தாய் செல்ல முடியவில்லை. நம்மவர் ஆயிரமாயிரமாய் வாழும் நகரம் அது. அந்தச் செய்தியைக் கேட்டு யாழ்ப்பாணத்துத் தாய்மார் தம் பேரப்பிள்ளைகளை எண்ணி நடுங்கினார்கள். ஆனால் அங்கே என்ன நடந்தது? மக்கள் கொதித்தனர். மூன்று வாரங்கள் செல்லுமுன், ஏப்ரல் 15ஆந் திகதி, சாகும் தறுவாயில் உள்ளோரிடம் நெருங்கிய உறவினர் இயன்றவரை விடைபெற வழி செய்யப்படும் என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் அறிவிக்க நேர்ந்தது. அவ்வறிவிப்பு எல்லா ஆஸ்பத்திரிகளிலும் சரிவர நடைமுறைக்கு வந்ததாகச் சொல்வதற்கில்லை. ஆளுவோரும் திருந்திவிடவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில், முதிய அரசி தன் கணவரின் இறுதிச் சடங்கிற் கட்டுப்பாட்டுக்கு அடங்கித் தனியே அமர்ந்திருந்தார். அதற்கு முதல்நாள் இரவு பிரதமர் அலுவலகத்தில் அதிகாரிகள் மதுவிருந்து நடத்தினர். பின்னர் பொலிஸார் இத்தகைய விருந்துகளுக்காக 126 தண்டப் பத்திரங்கள் வழங்கினர். பிரதமரும் ஒன்றைப் பெற்றார். விதி வகுப்போன் விதிக்கு வெளியே நிற்பது உலகப் பொதுவழக்கம் போலும். நான் இங்கு எடுத்துக் காட்டுவது ஒன்றையே: 2020 ஏப்ரலிலேயே அதே கிருமியின் முன்னால் கதவைச் சிறிது திறக்கலாம் என்று ஒரு நாடு அறிந்திருந்தது. அதற்குப் பதினாறு மாதங்களின் பின்னர் என் தங்கை மூடிய கதவின் முன்னால் நின்றாள்.

உயிரோடிருந்தபோது தொடங்கிய தனிமை, உயிர் பிரிந்த பின்னரும் தொடர்ந்தது. 2020 மார்ச் 24ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலிலே, தொற்றால் இறந்தோரை எரித்தே தீரவேண்டும் என்பது தவறான கருத்து என்று தெளிவாகக் கூறப்பட்டிருந்தது. உரிய முற்காப்புகளோடு குடும்பத்தினர் உடலைப் பார்க்கலாம் என்றும் இருந்தது. ஏப்ரல் 11ஆந் திகதி வர்த்தமானி வந்தது: எரிக்கவே வேண்டும். நிலத்தடி நீர் கெடும் என்று கதை கட்டினார்கள். முஸ்லிம் மக்கள் நீதிமன்றம் சென்றார்கள்; டிசம்பர் முதலாந் திகதி உயர்நீதிமன்றம் அவர்களது மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளியது. அதே மாதம், பிறந்து இருபது நாளான ஒரு சிசுவும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கட்டினார்கள். இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன.

இது முஸ்லிம்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று ஒதுங்கி நின்ற தமிழ்ப் பெருமக்கள் அன்று இருந்தனர். எரிப்பது நம் வழக்கந்தானே என்றும் சிலர் சொன்னார்கள். எரிப்பது நம் வழக்கமாக இருக்கலாம். முகம் பாராமல், வாய்க்கரிசி போடாமல், முத்திரையிட்ட பெட்டியில் எரிப்பது எவருடைய வழக்கம்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் நோயாளியின் விருப்பத்துக்கு மதிப்பளிக்காத கையே, மயானத்தில் அவனது சமயத்துக்கும் மதிப்பளிக்கவில்லை. இரண்டும் ஒரே கை. 2021 பெப்ரவரி 25ஆந் திகதி அடக்கம் செய்ய அனுமதி வந்தபோதும் சூழ்ச்சி ஓயவில்லை. முதலிற் காட்டிய இடம் இரணைதீவு. நெடுங்காலம் கடற்படையால் வெளியேற்றப்பட்டிருந்து 2018இல் தாமாகவே மீண்டு குடியேறிய தமிழ் மீனவர்களின் தீவு அது. ஒடுக்கப்பட்ட ஒரு மக்களை மற்றொரு மக்களோடு மோதவிடும் அந்தப் பழைய உபாயம் பலிக்கவில்லை. தமது தீவில் வேண்டாம் என்று எதிர்த்த அம்மீனவர்கள், முஸ்லிம்களை அவரவர் வாழும் இடங்களிலேயே அடக்க விடுங்கள் என்றும் கேட்டார்கள். மெத்தப் படித்தவர்கள் பேசாத அரசியலை அவர்கள் பேசினார்கள். இறுதியில் ஓட்டமாவடியில் மஜ்மா நகர் ஒதுக்கப்பட்டது. அங்கே 3,600க்கு மேற்பட்டோர் அடங்கியிருக்கின்றனர். பெரும்பாலோர் முஸ்லிம்கள், அவர்களிடையே இந்துக்களும் பௌத்தர்களும் கிறித்தவர்களும். கொழும்பிலிருப்பவர் தன் தகப்பனின் மீசானைக் காண இருநூறு கிலோமீற்றருக்கு மேல் பயணஞ் செய்ய வேண்டும். 2024 ஜூலையில் அரசாங்கம் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கேட்டது. தனியே சாகவிட்டதற்கு எவரும் எவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் குற்றத்துக்கு இன்னும் பெயர்கூட இடப்படவில்லை.

இவ்வளவையும் கேட்ட பின்னர் வைத்திய நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் ஒரு விஷயத்தைச் சொன்னார். 2021இல் ஓரிரவு, தம் விடுதியில் மூச்சு அடங்கிக் கொண்டிருந்த ஒரு கிழவனின் மகனைப் பின்வழியாக உள்ளே விட்டாராம். ஓர் அங்கி, ஒரு கவசம், இரண்டு கையுறைகள், அரைமணி நேரம். மேலிடத்துக்குத் தெரிந்திருந்தால் விளக்கம் கேட்டிருப்பார்கள். மகனுக்கு நோய் வரவில்லை. "அப்படியானால் வழி இருந்ததல்லவா?" என்று கேட்டேன். "எனக்கு இருந்தது. எல்லா விடுதிக்கும் விதியாகச் செய்ய முடியுமா?" என்றார். இதுதான் கேள்வி. நல்ல வைத்தியர் ஒருவரின் திருட்டுத் துணிச்சலாக இருப்பதை, எவரும் இரந்து கேட்கத் தேவையில்லாத உரிமையாக்க முடியுமா?

முடியும். இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் முதல், விதிவிலக்கான காரணமின்றி ஆஸ்பத்திரியோ பராமரிப்பு இல்லமோ பார்க்க வருவோரைத் தடுக்கலாகாது என்பது விதி. ஸ்கொட்லாந்தில் 2025இல் நிறைவேறிய சட்டம், பராமரிப்பு இல்லத்தில் வாழ்வோர் தமக்கு இன்றியமையாத துணைவர் ஒருவரைக் குறித்துக்கொள்ளும் உரிமையை வழங்கியது. பெருந்தொற்றில் பிரிக்கப்பட்ட குடும்பங்கள் ஆண்டுக்கணக்கிற் போராடிப் பெற்ற சட்டம் அது. நாம் கேட்க வேண்டியதும் பெரிதன்று. எந்தத் தொற்றுக் காலத்திலும் நோயாளி ஒவ்வொருவரும் அனுமதிக்கப்படும் அன்றே ஒருவர் பெயரைக் குறித்து வைக்கலாம் என்று இருக்கட்டும். நோய் முற்றிய நிலையில் அந்த ஒருவருக்கு அங்கியும் கவசமும் அரசாங்கச் செலவில் வழங்கப்பட்டு உள்ளே விடப்படட்டும். நோயாளியின் மொழி பேசும் ஒருவர் இன்றி எந்தச் சிகிச்சை நிலையமும் திறக்கப்படாதிருக்கட்டும். 1897ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்கு இடமளிக்காதெனில் அச்சட்டம் மாறட்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று நண்பர் கேட்டார். மத்தளைக் குமிழிக்குப் பணம் எங்கிருந்து வந்ததென்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தம் சங்கக் கிளையின் அடுத்த கூட்டம் வரும் மாதம் கூடுகிறதென்றும், இதனை ஒரு பிரேரணையாக எழுதித் தந்தால் அங்கு முன்வைப்பதாகவும் சொன்னார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. சிங்களப் பிரதியைத் தங்கை எழுதினாள்.